முதல் கரையும் முன்னே கணக்கைப் பாருங்கள்!

ஜும்ஆ தொழுகை முடிந்த சற்று நேரத்தில் ஒரு சகோதரர் கூச்சத்துடன் முன்னே வருவார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஆஸ்பத்திரிச் சீட்டுகள், இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், அவருடைய முஹல்லா ஜமாஅத் தந்த சிபாரிசுக் கடிதம். "இரண்டு கிட்னியும் பழுதாகிவிட்டன. டயாலிஸிஸ் செய்து வருகிறேன். உதவுங்கள்" என்பதே அந்தக் கடிதத்தின் சாரம். அதை மைக்கில் வாசிக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக நம் மீது விழுந்திருக்கிறது. வாசலில் துண்டு விரிக்கப்படும். நம் மக்கள் இரக்கமுள்ளவர்கள். பத்தும் ஐம்பதும் நூறுமாய்ப் போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் இன்னொருவர், இன்னொரு உறை!

அப்படி வந்தவர்களில் ஒருவரை நாம் மறக்க முடியாது. ஜவுளிக் கடை நடத்தியவர். நாலு பேருக்குக் கொடுத்துப் பழகிய கை அது. ஐந்து வருடங்களுக்கு முன்பே, அவருக்கு சர்க்கரை நோய் பார்க்கும் டாக்டர், "யூரின்ல புரோட்டீன் போகுது பாய், கிட்னி டாக்டரைப் போய்ப் பாருங்க" என்று எழுதியே கொடுத்திருக்கிறார். "பெருநாள் வியாபாரம் முடியட்டும்" என்றார் இவர். பெருநாள் முடிந்தது, பள்ளிக்கூடச் சீசன் வந்தது. அது முடிந்தது, தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது. சீசன் முடியவே இல்லை! ஒரு நாள் இரவு கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அன்றிரவே டயாலிஸிஸ்.

"ஏன் பாய், டாக்டர் சொன்னபோதே போகவில்லை?" என்று கேட்டோம்.

"எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே ஹஜ்ரத்! நல்லாத்தானே இருந்தேன்!"

சகோதரர்களே! இந்த ஒரு வார்த்தைதான் நம் வீடுகளில் எத்தனையோ பேரை டயாலிஸிஸ் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறது. 'ஒண்ணும் செய்யலையே' என்பது ஆரோக்கியத்துக்கு அத்தாட்சி அல்ல. இந்த நோயின் குணமே அதுதான்!

சத்தம் போடாத நோய்

முதுகுப்புறம், விலா எலும்புகளுக்குக் கீழே, கைப்பிடியளவில் இரண்டு உறுப்புகள். ஒவ்வொன்றிலும் சுமார் 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, தேவையானதையெல்லாம் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிட்டு, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் கழிவாக வெளியேற்றுகின்றன. அதோடு வேலை முடிந்ததா? இரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பது, உப்பையும் பொட்டாசியத்தையும் அளவோடு நிறுத்துவது, இரத்தம் ஊறத் தேவையான சுரப்பைத் தருவது, எலும்புக்கு வேண்டிய வைட்டமின் 'டி'யைப் பயன்படும் நிலைக்கு மாற்றுவது, எல்லாம் அவற்றின் பொறுப்பே.

படைத்தவன் இந்த உறுப்பில் தாராளமாகக் கையிருப்பு வைத்திருக்கிறான். ஒரு கிட்னியைத் தானமாகக் கொடுத்தவர்கள் மற்றொன்றைக் கொண்டு நலமாக வாழ்கிறார்கள். ஆனால் அந்தக் கையிருப்புதான் நம்மை ஏமாற்றவும் செய்கிறது. பாதி கெட்டாலும் வலிக்காது. முக்கால் பங்கு கெட்ட பிறகும் பலருக்குப் பசி எடுக்கும், தூக்கம் வரும், கடைக்குப் போய் வருவார்கள்.

வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்லாவில் தினமும் பணம் புரளும். சரக்கு வரும், போகும். 'கடை நன்றாக ஓடுகிறது' என்று ஊரே சொல்லும். உள்ளே முதல் கரைந்துகொண்டிருக்கும்! வருடக் கணக்கை ஒழுங்காகப் பார்க்கிறவனுக்கு முதல் வருடமே தெரிந்துவிடும். பார்க்காதவனுக்குக் கடன்காரன் வாசலில் வந்து நின்ற பிறகுதான் தெரியும். சிறுநீரகத்துக்கும் இதே நியாயம்தான்.

இரண்டே டெஸ்ட்!

அந்தக் கணக்கைப் பார்க்க இரண்டே பரிசோதனைகள் போதும். ஒன்று இரத்தத்தில், மற்றொன்று சிறுநீரில்.

இரத்தத்தில் பார்ப்பது கிரியாட்டினின். அது தசைகளிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் இரத்தத்தில் ஏறும். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து 'நார்மல்' என்று திருப்திப்பட்டுக்கொள்ளக் கூடாது. ஏனென்றால், வடிகட்டும் திறனில் ஏறத்தாழ பாதி போகும் வரைக்கும்கூட பலருக்கு அது நார்மல் எல்லைக்குள்ளேயே நிற்கும். எனவே வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்ட வடிகட்டும் திறனைக் கேட்டு வாங்க வேண்டும். ரிப்போர்ட்டில் அதை 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்று போடுவார்கள். ஓர் உதாரணம்: 25 வயது இளைஞருக்குக் கிரியாட்டினின் 1.2 என்றால் வடிகட்டும் திறன் சுமார் 86. அதே 1.2 ஒரு 60 வயதுத் தாய்க்கு இருந்தால் சுமார் 52தான்! எண் ஒன்று, நிலைமை இரண்டு. மூன்று மாதங்களுக்கு மேலாக 60க்குக் கீழேயே இருந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே போனால் செயலிழப்பு.

சிறுநீரில் பார்ப்பது அல்புமின் என்னும் புரதம். சல்லடை நன்றாக இருந்தால் புரதம் கீழே இறங்காது. சல்லடை கிழியும்போதுதான் ஒழுகும். கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல வருடங்கள் முன்பே இந்த ஒழுகல் தெரிந்துவிடும் என்பதால், சர்க்கரை நோயாளிகளுக்கு இதுவே முதல் எச்சரிக்கை மணி. 'ஏ.சி.ஆர்.' என்று எழுதப்படும் இந்த அளவு 30க்குள் இருந்தால் கவலையில்லை. 30க்கு மேல் போனால் கவனம் வேண்டும். 300ஐத் தாண்டினால் ஆபத்து.

யார் செய்துகொள்ள வேண்டும்? சர்க்கரை நோய் உள்ளவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள், இருதய நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரகம் பழுதானவர்கள், அடிக்கடி கல் வருகிறவர்கள், வருடக் கணக்கில் வலி மாத்திரை விழுங்கியவர்கள். இவர்கள் அனைவரும் வருடத்துக்கு ஒரு முறையாவது செய்துகொள்ள வேண்டும். சிறுநீரகம் செயலிழக்க முதற்காரணங்கள் சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான். இந்த இரண்டும் இல்லாத வீடு நம் தெருக்களில் எத்தனை?

எந்த டாக்டரிடம், எப்போது?

இங்கே ஒரு குழப்பம் தீர வேண்டும். 'கிட்னி டாக்டர்' என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு வகை டாக்டர்களை. கல், புராஸ்டேட் வீக்கம், அடைப்பு ஆகியவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்பவர் யூராலஜிஸ்ட். சிறுநீரகத்தின் உள்நோய்களுக்கு மருந்து கொடுத்துக் காப்பாற்றுபவர், டயாலிஸிஸ் பொறுப்பை ஏற்பவர் நெஃப்ராலஜிஸ்ட். புரதம் ஒழுகுகிறவர் யூராலஜிஸ்டைத் தேடிப் போய், அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, 'பார்த்தாகிவிட்டது' என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிற கதைகளை நாம் கேட்டிருக்கிறோம்.

சர்க்கரையோ பிரஷரோ உள்ள எல்லோரும் நெஃப்ராலஜிஸ்டிடம் ஓட வேண்டியதில்லை. வழக்கமான டாக்டரே பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வார். ஆனால் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதம் கூடாது:

- வடிகட்டும் திறன் 30க்குக் கீழே இறங்கிவிட்டால். அல்லது ஒரே வருடத்தில் 5க்கு மேல் குறைந்தால்.
- சிறுநீர் அல்புமின் அளவு மீண்டும் மீண்டும் 300க்கு மேல் வந்தால்.
- கல்லோ கிருமித் தொற்றோ இல்லாமல் சிறுநீரில் இரத்தம் காணப்பட்டால்.
- நாலு வகை மாத்திரை சாப்பிட்டும் இரத்த அழுத்தம் அடங்காவிட்டால். 30 வயதுக்குள்ளேயே பிரஷர் வந்துவிட்டால்.
- இரத்தத்தில் பொட்டாசியம் திரும்பத் திரும்பக் கூடினால்.
- குடும்பத்தில் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் இருந்தால்; கல் மறுபடி மறுபடி வந்தால்.
- சிறுநீரக நோயுள்ள பெண் குழந்தை பெற்றுக்கொள்ள விரும்பினால் அல்லது கர்ப்பமானால்.

சிறுநீர் நுரைத்து, அந்த நுரை அடங்காமல் நிற்பது, காலையில் முகமும் மாலையில் காலும் வீங்குவது, இரவில் பலமுறை எழுந்து போவது, காரணமில்லாத களைப்பு, அரிப்பு, குமட்டல் இவையெல்லாம் டெஸ்ட் செய்யச் சொல்லும் அறிகுறிகள். சிறுநீர் திடீரென நின்றுபோனாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, நினைவு தடுமாறினாலோ அப்பாயின்ட்மென்ட் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்!

இன்னொரு பயத்தையும் போக்க வேண்டும். 'ஒரு தடவை டயாலிஸிஸ் வைத்துவிட்டால் விடவே முடியாது' என்று சொல்லி நோயாளியை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். எலிக் காய்ச்சல், பாம்புக்கடி, கடும் வயிற்றுப்போக்கு போன்றவற்றால் திடீரென நின்றுபோன சிறுநீரகம், சில வாரங்கள் டயாலிஸிஸ் கொடுத்துத் தாங்கிப் பிடித்தால் பெரும்பாலும் மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். அங்கே டயாலிஸிஸை மறுப்பது, பிழைக்கக் கூடியவரைச் சாகவிடுவதாகும்.

விலை கொடுத்து வாங்கும் வினை

மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. நாள் முழுவதும் கடையில் நின்று, போதிய தண்ணீர் குடிக்காமல், பிரஷர் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு, அதன் மேல் இதையும் விழுங்கினால் என்ன ஆகும்? லேகியம், பஸ்பம், செந்தூரம் என்று யார் யாரோ கொடுப்பதை வாங்கிச் சாப்பிடுவதும் இப்படித்தான். பாதரசமும் ஈயமும் அவற்றில் சிலவற்றில் கண்டறியப்பட்டுள்ளன. 'கிட்னியைச் சுத்தப்படுத்தும் மூலிகை' என்று விளம்பரம் பார்த்தால் இரண்டு மடங்கு எச்சரிக்கையாக இருங்கள்.

இளைஞர்களே! உங்களிடம் ஒரு தனி வார்த்தை. 2023ஆம் ஆண்டு கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரில் புரதம் ஒழுகி உடம்பு வீங்கி வந்தவர்களிடம் டாக்டர்கள் துருவித் துருவி விசாரித்தார்கள். சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை. கடைசியில் கிடைத்த விடை: முகம் வெளுக்கப் பூசிய கிரீம்! தயாரித்தவர் யார், உள்ளே இருப்பது என்ன என்ற விவரமே ஒழுங்காக இல்லாத அந்தக் கிரீம்களில் பாதரசம் அளவுக்கு மீறி இருந்தது. நிறத்துக்காகப் பூசியது தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தைத் தாக்கியது. உடற்பயிற்சிக் கூடத்தில் தசை ஏற்றுவதற்காக இரகசியமாகப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசிகளும் சிறுநீரகத்தைப் பாழாக்கியிருக்கின்றன.

வியாபாரிகளே! இந்த இடத்தில் உங்களையும் கேட்டாக வேண்டும். முகவரியில்லாத வெளிநாட்டுக் கிரீம் நம் கடை அலமாரியில் இருக்கிறதா? இலாபம் அதிகம் என்பதற்காக அதை விற்கிறோமா? ஒருவருடைய கிட்னியைக் கெடுத்துச் சம்பாதித்த காசில், அவருக்கே டயாலிஸிஸ் உதவி செய்து என்ன புண்ணியம்? இன்றே எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

நோன்பும் நோயும்

ரமளான் வரும்போதெல்லாம் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி இது: "கிட்னி நோயாளி நோன்பு வைக்கலாமா?" இதற்கு ஆலிமும் டாக்டரும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். நோய் ஆரம்ப நிலையில் இருந்து, நிலைமையும் சீராக இருந்தால், டாக்டரின் ஆலோசனையோடு சிலரால் முடியும். நோய் முற்றியவர்களும், டயாலிஸிஸ் செய்பவர்களும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி நிலைமை இன்னும் சீராகாதவர்களும் வைக்க வேண்டாம் என்றே டாக்டர்கள் சொல்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது. குணமாகும் நோய் என்றால் பிறகு நோற்கலாம். தீராத நோய் என்றால் பரிகாரம் உண்டு. படைத்தவன் கொடுத்த சலுகையை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, மாத்திரையையும் நிறுத்தி, உடம்பைக் கெடுத்துக்கொள்வது இறையச்சம் ஆகாது. ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். இஃப்தாரில் கை நிறைய அள்ளும் பேரீச்சம்பழத்தில் பொட்டாசியம் அதிகம். கஞ்சியிலும் வடையிலும் ஊறுகாயிலும் உப்பு அதிகம். நோன்பு வைக்காத சிறுநீரக நோயாளியும் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

முன்னால் போனால் என்ன கிடைக்கும்?

'போனாலும் குணமாகப் போவதில்லை, பிறகு எதற்குப் போவது?' என்று கேட்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. இழந்த வடிகட்டிகள் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை, உண்மைதான். ஆனால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம். இரத்த அழுத்தத்தை 130/80க்குள் வைத்து, சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, நாளொன்றுக்கு உப்பை 5 கிராமுக்குள் நிறுத்தி, புரதம் ஒழுகுவதைக் குறைக்கும் மாத்திரையைத் தொடர்ந்தால் செயலிழப்பைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட முடியும். சர்க்கரைக்காக வந்த டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை, சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிக்கும் பலன் தருவது 2020இல் வெளியான பெரிய ஆய்வில் தெரிந்தது. அதே ஆண்டில் இந்தியாவில் அதன் காப்புரிமையும் முடிந்ததால் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. விலை வெகுவாக இறங்கிவிட்டது. டாக்டர் சொல்லாமல் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

டயாலிஸிஸ் தவிர்க்க முடியாமல் போனாலும், முன்கூட்டிப் போனவருக்கும் கடைசி நாளில் போனவருக்கும் வித்தியாசம் உண்டு. இரத்தம் எடுக்கக் கையில் சிறு அறுவை செய்து 'ஃபிஸ்டுலா' அமைக்க வேண்டும். அது பக்குவமாக வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அந்த அவகாசம் இல்லாதவருக்குக் கழுத்தில் குழாய் செருகுவார்கள். அதில் கிருமித் தொற்றும் வரும். பிறகு வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். வருடத்துக்கு 600 மணி நேரத்துக்கு மேல் கட்டிலில்! கடையை யார் பார்ப்பது?

மாற்றுச் சிறுநீரகம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. 1971லேயே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வெற்றிகரமாகச் செய்து காட்டினார்கள். ஆனால் சிறுநீரகம் கடைச் சரக்கல்ல. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை விற்பதும் வாங்குவதும் குற்றம். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்காக வரிசையில் காத்திருக்க வேண்டும். அல்லது குடும்பத்தில் ஒருவர் கொடுக்க வேண்டும். நம் நாட்டில் உயிரோடிருந்து கொடுப்பவர்களில் பெரும்பான்மையோர் யார் தெரியுமா? பெண்கள்! உம்மாமார்களும் மனைவிமார்களும்! "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்று வருடக் கணக்கில் நாம் காட்டிய அலட்சியத்துக்கு, கடைசியில் தன் வயிற்றைக் கிழித்துக் கொடுப்பவள் அவள்தான். இதை நினைத்தாவது ஆண்கள் ஒரு நாள் கடையை விட்டு இறங்க வேண்டாமா?

ஜமாஅத்துகளே!

1990களின் பிற்பகுதியில், மூத்த சிறுநீரக நிபுணர் டாக்டர் எம்.கே.மணி அவர்களின் முயற்சியில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்ற அமைப்பு சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் ஒரு வேலை செய்தது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் பார்த்தார்கள். இரத்த அழுத்தம் பார்த்தார்கள். நோய் தெரிந்தவர்களுக்கு மலிவான, பழைய மாத்திரைகளையே கொடுத்து விடாமல் தொடர்ந்தார்கள். ஆளுக்கு வருடத்துக்கு ஆன செலவு சில ரூபாய்கள்தான். பெரிய கட்டடம் இல்லை, விலையுயர்ந்த மெஷின் இல்லை. விடாமுயற்சி மட்டுமே இருந்தது.

இரத்ததானத்தில் பெயர் வாங்கிய இளைஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறோம். பைத்துல்மால் நடத்துகிறோம். அவர்கள் செய்ததை நம்மால் செய்ய முடியாதா?

நம்முடைய வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு முஹல்லாவிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களின் பெயர்களை எழுதுங்கள். பெண்களின் விவரத்தைப் பெண்களே போய் எழுதட்டும். எழுதியது வெளியே போகாமல் பாதுகாக்கப்பட வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை இரண்டு டெஸ்ட். வசதியில்லாதவருக்கு ஜமாஅத் செலவு செய்யட்டும். எல்லை தாண்டியவரைக் கையைப் பிடித்து நெஃப்ராலஜிஸ்டிடம் அழைத்துச் செல்ல ஓர் இளைஞர் பொறுப்பேற்கட்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, மதுரை இராஜாஜி போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே தனிப் பிரிவுகள் உள்ளன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிஸிஸுக்கும் இடமுண்டு. அட்டை இல்லாத குடும்பங்களுக்கு அதை எடுத்துக் கொடுங்கள்.

பேனர் கட்டி, முகாம் நடத்தி, போட்டோ எடுத்துக்கொண்டு மறந்துவிடும் வேலை இது அல்ல. அடுத்த வருடம் அதே நோட்டைத் திறந்து, அதே வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் சேவை.

துண்டு விரிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. இன்று படுத்திருப்பவருக்கு உதவி வேண்டும். அது நம் கடமை. ஆனால் நாளைக்குத் துண்டு விரிக்க வேண்டியவர் இன்று நம் பக்கத்திலேயே, ஸஃப்பில் தோளோடு தோள் உரசி நிற்கிறார். அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. டெஸ்ட் செய்தால்தான் தெரியும்!

இந்த வாரம், சீசன் முடியும் வரை காத்திராமல், உங்கள் வீட்டில் சர்க்கரையோ பிரஷரோ உள்ள ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!